பன்றிக்குட்டிக் கழிச்சலுக்கு ஆய்வுக்கூடச் சோதனை: ஐந்து முறை மாதிரி கொடுத்த அனுபவம்

கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் செய்து தரும் கிருமி வளர்ப்பு மற்றும் மருந்து உணர்திறன் சோதனையைப் பற்றி, அதாவது நோய்க் கிருமி எது, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் சோதனையைப் பற்றி, எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடந்த 14 மாதங்களில் ஐந்து முறை மாதிரி கொடுத்திருக்கிறேன். முதல் முறை கொடுத்தது வீணாகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த நான்கு அறிக்கைகளும் என் கொட்டிலில் நான் செய்துவந்த பல காரியங்களை நிறுத்தவைத்தன. ஆய்வுக்கூடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், அங்கே இருக்கும் இரண்டு பேர் பத்துப் பேர் வேலையைச் செய்கிறார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே எங்கள் தென்னந்தோப்பின் ஓரமாகப் பண்ணை இருக்கிறது. வெண்பன்றிகள்தான். தாய்ப்பன்றி 18, ஆண்பன்றி 2. ஒன்பது ஆண்டுகளாக நடத்துகிறேன். விற்பனை பெரும்பாலும் பாலக்காட்டு வியாபாரிகளுக்கு. குட்டிகளுக்கு 40 நாளில் பால் மறக்கடிப்பேன்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் 43 குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து இரண்டு அறைகளில் விட்டேன். ஆறாம் நாள் கழிச்சல் கண்டது. ரத்தம் இல்லை, சளி இல்லை, வெறும் தண்ணீர். வெளிர் மஞ்சளாக, சுவரில் தெறித்த கோடுகளாக இருந்தது. காலையில் தீவனத் தொட்டிக்கு முதல் ஆளாக ஓடி வந்த குட்டி, மாலையில் கண் உள்ளே போய், வயிற்றுப் பக்கம் ஒட்டி, தோலைப் பிடித்து விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. கடையில் கொடுத்த ஆக்சிடெட்ராசைக்ளின் பொடியைத் தண்ணீரில் கலந்தேன். மறுநாள் என்ரோஃபிளாக்சசின் ஊசி. இரண்டும் ஒன்பது ஆண்டுகளாக எனக்குக் கைகொடுத்த மருந்துகள் என்றுதான் நம்பியிருந்தேன். பத்தாம் நாளுக்குள் 12 குட்டிகள் போய்விட்டன. பன்னிரண்டாவதை அள்ளி எடுத்தபோது அது ஒரு ஈரத் துணி அளவுக்குத்தான் கனத்தது.

எங்கள் ஊர் கால்நடை மருத்துவர் சொல்லித்தான் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். இரவில் செத்த குட்டி ஒன்றைப் பாலித்தீன் பையில் போட்டு, காலை 11 மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். 200 ரூபாய் கட்டணம். நான்காம் நாள் வந்த அறிக்கையில் பயன்படும்படியாக எதுவும் இல்லை. செத்துப் பல மணி நேரமான உடலில் அழுகல் கிருமிகள் முந்திக்கொள்ளுமாம். கிருமி வளர்க்கும் தட்டு முழுவதும் புரோட்டியஸ் என்ற கிருமி அலை அலையாகப் படர்ந்து, தேடியதை மூடிவிட்டது. எப்படி எடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க அங்கே ஒரு தாள்கூட இல்லை. இதை நான் பெரிய குறையாகவே சொல்வேன். 60 கிலோமீட்டர் பஸ்ஸில் வருகிற ஒருவருக்கு, வருவதற்கு முன் தெரிய வேண்டிய விஷயம் அது.

அடுத்த தொகுதிக் குட்டிகளைப் பிரித்தபோது, இரண்டாம் முறை சரியாகச் செய்தேன். கழிச்சல் அன்றுதான் தொடங்கிய, இன்னும் எந்த மருந்தும் கொடுக்காத மூன்று குட்டிகளைத் தேர்ந்தெடுத்தேன். ஆசனவாய்க்குள் பஞ்சுக் குச்சியை மெல்லச் சுழற்றி எடுத்து, அடியில் கிருமி சாகாமல் காக்கும் கூழ் இருக்கும் குழாயில் செருகி மூடி, பெயரும் நேரமும் எழுதி, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் கொண்டுபோனேன். குழாய் ஐஸ்மேல் நேராகப் படக் கூடாது, உறைந்துவிடக் கூடாது. நடுவில் ஒரு துணி போட்டேன். குட்டி அப்போதுதான் செத்ததென்றால் சிறுகுடலில் ஒரு சாண் நீளத்தை இரண்டு பக்கமும் நூலால் இறுகக் கட்டி வெட்டி எடுத்துக் கொண்டுபோகலாம் என்றும் மருத்துவர் காட்டிக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் போனில் அழைத்தார்கள். "அக்கா, முடிந்தால் நேரில் வாருங்கள். தட்டைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்" என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண். நான் இந்தச் சேவைக்கு மனதார மதிப்புக் கொடுப்பது அந்த ஒரு அழைப்புக்காகத்தான். யாரும் கேட்காமலே ஒரு பண்ணைக்காரியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

முதலில் ரத்தம் கலந்த அகர் (கிருமி வளர்க்கும் கெட்டிக் கூழ்) தட்டைக் காட்டினார். அடர்சிவப்புத் தரையில் சாம்பல் வெள்ளையாக, ஈரமான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிவப்பு கரைந்து, கண்ணாடிபோலத் தெளிந்திருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. "ரத்தச் செல்லை உடைக்கிற ஈ.கோலை. எல்லா ஈ.கோலையும் இப்படிச் செய்வதில்லை. பால் மறந்த குட்டிகளைக் கொல்கிறவற்றில் பெரும்பாலானவை செய்யும்" என்றார். ஈ.கோலை எல்லாப் பன்றியின் குடலிலும், எல்லா மனிதரின் குடலிலும் இருப்பதுதான். அதனால் அறிக்கையில் ஈ.கோலை என்று மட்டும் எழுதித் தந்தால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. அந்தக் கூட்டத்தில் ஆயுதம் வைத்திருப்பது எது என்பதுதான் கேள்வி.

அடுத்துக் காட்டிய தட்டை நான் மறக்க மாட்டேன். கிருமிக் கரைசலைக் குறிப்பிட்ட கலங்கல் அளவுக்குக் கொண்டுவந்து, தட்டு முழுவதும் பஞ்சால் பூசி, அதன்மேல் மருந்து ஊறிய சின்னச் சின்ன வில்லைகளை வைத்து, 35 டிகிரிச் சூட்டில் 16 முதல் 18 மணி நேரம் விடுகிறார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் ஒரு வட்டம் வெறுமையாக நிற்கும். மற்ற இடமெல்லாம் மாவு பூசியதுபோல மூடிவிடும். ஆறு வில்லைகள் இருந்தன. ஜென்டாமைசினைச் சுற்றி நல்ல அகலமான வெற்று வட்டம் இருந்தது. டெட்ராசைக்ளின் வில்லையின் விளிம்பு வரை அந்த மாவு வந்து முட்டிக்கொண்டு நின்றது. அவர் அளவுகோலை வைத்து 6 என்று எழுதினார். "6 மில்லிமீட்டர் வேலை செய்திருக்கிறதா?" என்று கேட்டேன். "இல்லை அக்கா. 6 என்பது வில்லையின் சொந்த அகலம்" என்றார்.

அதாவது ஒரு மயிரிழைகூட நகரவில்லை. அதே வகையைச் சேர்ந்த ஆக்சிடெட்ராசைக்ளினைத்தான் ஒன்பது ஆண்டுகளாகத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தேன். வட்டத்தின் அகலம் 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் மருந்து கேட்கும், 11 அல்லது அதற்குக் கீழே வந்தால் கேட்காது என்பது டெட்ராசைக்ளினுக்கான கணக்கு. ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு வேறு. ஆகவே அகலமான வட்டம் உள்ளதுதான் சிறந்த மருந்து என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. நான் முதலில் அப்படித்தான் நினைத்தேன். என்ரோஃபிளாக்சசினுக்கு ஒரு மெல்லிய வட்டம் இருந்தது. அதுவும் தேறவில்லை. ஜென்டாமைசின் 19, தேறியது.

அந்தக் கிருமி எப்படிக் கொல்கிறது என்பதற்குத் தனியாகப் பி.சி.ஆர். என்ற, மரபணுவைத் தேடும் சோதனை தேவை. அதை இந்த ஆய்வுக்கூடம் செய்வதில்லை, வெளியே அனுப்புகிறார்கள். 1,500 ரூபாய், 11 நாள் ஆயிற்று. மருந்து கொடுக்க அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. ஆனாலும் ஒரு முறையாவது செய்து பார்ப்பது நல்லது என்பேன். எங்கள் கிருமியில் எஃப்18 என்ற பிடிமானமும், எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்ற இரண்டு நச்சுகளும் இருந்தன. பிடிமானம் என்பது கிருமியின் உடலெங்கும் மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகள். அவற்றால் சிறுகுடலின் உட்சுவரைப் பற்றிக்கொள்கிறது. பிடித்தால்தான் நச்சு வேலை செய்யும். நச்சு, குடலை அரிப்பதில்லை. உடம்பிலிருக்கும் தண்ணீரையும் உப்பையும் குடலுக்குள் திறந்துவிடுகிறது. குட்டி உள்ளிருந்தே வற்றிச் சாகிறது. எங்கள் குட்டிகளின் தோல் மடிப்பு அப்படியே நின்றதற்குக் காரணம் இதுதான்.

எஃப்18 பற்றிக்கொள்ளும் இடம் பிறந்த குட்டியின் குடலில் இருக்காதாம். வளர வளரத்தான் உண்டாகிறது. பால் குடிக்கும்வரை நன்றாக இருந்த குட்டிகள் பிரித்த ஆறாம் நாள் விழுந்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. தாய்ப்பாலில் வந்துகொண்டிருந்த காப்பு நின்றுபோகிற நேரமும், கிருமிக்குப் பிடி கிடைக்கும் வயதும், புதுத் தீவனமும், புது அறையும் ஒன்றாக வந்து சேர்கின்றன. கண் இமை வீங்கியதா, குட்டி தள்ளாடி நடந்ததா என்றும் அந்தப் பெண் கேட்டார். இல்லை என்றேன். எஃப்18 உள்ள சில வகைகள் வேறொரு நச்சு வைத்திருந்து வீக்க நோயை உண்டாக்குமாம். எங்கள் அறிக்கையில் அந்த நச்சு இல்லை.

இன்னொன்றையும் அவர் சொன்னார். நச்சுக்கான மரபணுவும் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் கிருமியின் பிளாஸ்மிட் என்ற சிறு வளையங்களில் இருப்பதுண்டு, பன்றி ஈ.கோலையில் இரண்டும் ஒரே வளையத்தில் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள், அந்த வளையம் ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும். இதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்படி ஒரு வளையம் இருக்கும் கொட்டிலில் டெட்ராசைக்ளினைக் கொட்டினால், மருந்தை எதிர்க்கும் கிருமி மட்டும் மிஞ்சும். மிஞ்சுவது நச்சும் உள்ளதாக இருக்கும். குட்டியைக் காப்பாற்றக் கொட்டிய பொடியே குட்டியைக் கொல்கிறதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும்.

மருத்துவர் ஜென்டாமைசினை எடை பார்த்து எழுதிக் கொடுத்தார். நோய் கண்ட குட்டிகளுக்கு மட்டும், கணக்கான நாள்கள். இறைச்சிக்கு விடுவதற்கு முன் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதினார். அதோடு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர், தீவனம் பாதியாகக் குறைப்பு, உலர்ந்த தரை, இரவில் பல்பு வெளிச்சத்தின் சூடு. அந்தத் தொகுதியில் 46 குட்டிகளில் 3 செத்தன. முழுப் புகழையும் சோதனைக்கே கொடுக்க மாட்டேன். பிரிப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே குட்டித் தீவனத்தைப் பழக்கியதும், அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து ஐந்து நாள் காயப்போட்டதும் அதில் சேரும். ஆனால் எந்த மருந்தை வாங்கக் கூடாது என்று தெரிந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது. தண்ணீரில் கலக்கும் பொடிகளுக்கு மட்டும் மாதம் 4,000 ரூபாய்க்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தச் செலவு இல்லை.

இனி காலிஸ்டின் என்ற கிருமிக்கொல்லி மருந்து. 2016-இலிருந்து 2019 வரை குட்டி பிரிக்கும் ஒவ்வொரு முறையும் காலிஸ்டின் கலந்த பொடியைப் பயன்படுத்தினேன். அது குட்டிகளுக்கான வைட்டமின் போல ஒன்று என்றுதான் கடைக்காரர் சொல்லியிருந்தார். 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கு அதைப் பயன்படுத்துவதற்கான தயாரிப்பையும் விற்பனையையும் மத்திய அரசு தடைசெய்தது. கடையில் கிடைக்காமல் போனதால் நிறுத்தினேன், அவ்வளவுதான். பாதி டப்பா கொட்டில் அலமாரியிலேயே கிடந்தது.

சென்ற மாசியில் என் சித்தப்பா நுரையீரல் தொற்றோடு கோவையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். மருந்துக் கடைக்கு ஓடும் வேலை என்னுடையது. ஐந்தாம் நாள் கொடுத்த சீட்டில் முதல் வரி காலிஸ்டின். வேறு மருந்துகள் கேட்காததால் இதை எழுதுகிறோம் என்று மருத்துவர் சொன்னார். கையில் சீட்டை வைத்துக்கொண்டு அந்த வராந்தாவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. எங்கள் அலமாரியில் ஸ்பூனோடு கிடக்கும் டப்பாவில் இருக்கும் அதே பெயர். சித்தப்பா 19 நாளில் வீடு திரும்பினார். திரும்பிய அன்றே டப்பாவை எடுத்துக்கொண்டுபோய்க் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைத்தேன்.

அடுத்த முறை ஆய்வுக்கூடத்தில் இதைப் பற்றிக் கேட்டேன். 2015 நவம்பரில் சீனாவில் பன்றிகள், இறைச்சி, நோயாளிகள் என்று மூன்றிலிருந்தும் எடுத்த ஈ.கோலையில் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணுவைக் கண்டு அறிவித்ததை அந்தப் பெண்தான் சொன்னார். காலிஸ்டினை எதிர்க்கும் திறன் அதுவரை பரம்பரையாக மட்டுமே போகும் என்று நினைத்திருக்கிறார்கள். இது கைமாறும் வளையத்தில் இருந்தது. பிறகு சீனாவே 2017-இல் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் காலிஸ்டின் சேர்ப்பதை நிறுத்தியது.

2018-இல் ஒரு தனியார் ஆய்வுக்கூடம் எனக்குக் கொடுத்த பழைய அறிக்கையையும் காட்டினேன். அதில் காலிஸ்டினுக்கு எஸ், அதாவது மருந்து கேட்கும், என்று வில்லைச் சோதனையை வைத்து எழுதியிருந்தார்கள். அவர் முகம் மாறிவிட்டது. காலிஸ்டின் மூலக்கூறு பெரியது, அகருக்குள் சரியாகப் பரவாது, அதனால் வில்லையைச் சுற்றிய வட்டத்தை நம்ப முடியாது, திரவத்தில் படிப்படியாக நீர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். உங்கள் கையில் இருக்கும் அறிக்கையில் வில்லைச் சோதனைப்படி காலிஸ்டின் முடிவு இருந்தால் அந்த வரியை நம்ப வேண்டாம். இந்த ஆய்வுக்கூடம் அந்த வில்லையை வைப்பதே இல்லை. இதற்காகவும் அவர்களை மதிக்கிறேன்.

இதே கண்டிப்பை மற்றொரு வரியிலும் காட்டியிருக்கலாம். மூன்றாவது அறிக்கையில் மெரோபெனம், எஸ் என்று அச்சிட்டிருந்தது. அது மனிதர்களுக்காகக் காத்து வைக்க வேண்டிய மருந்து. ஆராய்ச்சிக்காகச் சோதித்துப் பதிவேட்டில் வைத்துக்கொள்வது வேறு. பண்ணைக்காரர் கையில் கொடுக்கும் தாளில் அச்சிடுவது வேறு. குட்டிகள் செத்துக்கொண்டிருக்கும்போது கேட்கும் என்று எழுதிய எதையும் எந்த விலைக்கும் தேடி வாங்கத் தோன்றும். எனக்கே ஒரு கணம் தோன்றியது. அந்த வரியை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

மற்ற குறைகள்: அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது. எஸ் (மருந்து கேட்கும்), ஐ (இடைநிலை), ஆர் (கேட்காது) என்ற எழுத்துகளுக்கு அதில் விளக்கம் இல்லை. மதியம் போன் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை கொடுத்தால் முடிவு செவ்வாய்க்கிழமைக்குப் போய்விடும். கட்டணப் பலகை இல்லை. தமிழில் அரைப் பக்க விளக்கத் தாள் ஒன்று இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

நான்காவது மாதிரி எனக்குப் பெரிய அடி. ஜென்டாமைசின் 9, ஆர் என்று வந்தது. மூன்றாம் முறைகூட 19-ஆக இருந்த மருந்து. இடையில் வெளியிலிருந்து இரண்டு இளம் பெட்டைப் பன்றிகளை வாங்கிச் சேர்த்திருந்தேன், தனியே ஒதுக்கி வைக்கவில்லை. அவற்றோடு வந்த கிருமியா, இங்கிருந்ததே வளையத்தை வாங்கிக்கொண்டதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. சொல்லும் என்று எதிர்பார்த்து யாரும் போகக் கூடாது. ஒரு கொட்டிலில், ஒரு நாளில், ஒரு கிருமி எந்த மருந்துக்கு எப்படி நிற்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. பக்கத்துப் பண்ணைக்காரர் என் அறிக்கையைப் படம் எடுத்துக்கொள்ளக் கேட்டபோது நான் மறுத்தது இதனால்தான். அவருடைய குட்டிகளுக்கு அவர்தான் பார்க்க வேண்டும். மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கடையில் துத்தநாக ஆக்சைடு பொடியைப் பரிந்துரைத்தார்கள். கழிச்சலை நிறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் மண்ணில் சேரும் துத்தநாகத்துக்காகவும், எதிர்ப்புத் திறனை வளர்க்கும் என்ற அச்சத்தாலும் ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனிலிருந்து அதை மருந்தாக அதிக அளவில் கொடுப்பதை நிறுத்திவிட்டது. எங்கள் எரு முழுவதும் எங்கள் தென்னைக்கே போகிறது. நான் வாங்கவில்லை. எருவையும் இப்போது பச்சையாகப் போடுவதில்லை. குவித்து, புரட்டி, கை வைக்க முடியாத அளவுக்குச் சூடேறி அடங்கிய பிறகுதான் தோப்புக்குப் போகிறது.

ஐந்தாவது முடிவு இந்த மார்கழியில் வந்தது. ஜென்டாமைசின் இன்னும் ஆர். சல்ஃபா-டிரைமெத்தோபிரிம் 20, எஸ். கழிச்சல் கண்ட ஒன்பது குட்டிகளில் இரண்டுக்கு மட்டும் ஊசி போட்டோம். மற்ற ஏழும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரிலேயே தேறின. அகரில் டெட்ராசைக்ளின் வில்லையை நானே கேட்டுப் பார்த்தேன். ஓராண்டுக்கும் மேலாக என் கொட்டிலில் ஒரு சிட்டிகைகூட அந்த மருந்து போடவில்லை. இம்முறையும் மாவு விளிம்பு வரை வந்து நின்றது. அந்தப் பெண் 6 என்றே எழுதினார். நிறுத்தியவுடன் போய்விடாது, மற்ற எதிர்ப்பு மரபணுக்களோடு சேர்ந்தே இருப்பதால் ஆண்டுக்கணக்கில் தங்கும் என்றார்.

போகிறவர்களுக்கு: திங்கள் அல்லது செவ்வாய், காலை 11 மணிக்குள். எந்த மருந்தும் கொடுக்காத குட்டிகளிலிருந்து மூன்று குழாய்கள். ஐஸ் இரண்டு பாக்கெட், நடுவில் துணி. குட்டிகளின் வயது, பிரித்த நாள், கடைசி ஆறு மாதத்தில் தண்ணீரிலும் தீவனத்திலும் கலந்த மருந்துகளின் பெயர்கள் ஒரு தாளில். அந்தத் தாளைத்தான் அவர்கள் முதலில் கேட்பார்கள். எனது அடுத்த மாதிரி தை மூன்றாம் வாரம், அப்போது பிரிக்கப்போகும் 38 குட்டிகளிலிருந்து.